எட்டாம் வகுப்பு மகளுக்கு அடுக்குகளும் மூலங்களும் மனத்தில் நிற்கும்படி சொல்லிக்கொடுப்பது எப்படி?

டோம்பிவிலித் தந்தை
ஞாயிறு, இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் ஆங்கில வழியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான் திருநெல்வேலிப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். அலுவலகம் முடிந்து, மும்பை சிஎஸ்எம்டி நிலையத்தில் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலைப் பிடித்து வீடு வந்து சேர எட்டே முக்கால் ஆகிவிடுகிறது. சாப்பிட்ட பிறகு ஒன்பதரை முதல் பத்தரை வரைதான் அவளுடன் கணக்கு நோட்டைத் திறந்து உட்கார முடிகிறது.

இப்போது பள்ளியில் 'இண்டைசஸ்', அதாவது அடுக்குகள், பாடம் நடக்கிறது. போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து எல்லா விதிகளையும் சொல்லிக்கொடுத்தேன். பெருக்கினால் அடுக்குகளைக் கூட்ட வேண்டும், வகுத்தால் கழிக்க வேண்டும், அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் பெருக்க வேண்டும் என்று அவளும் தடையில்லாமல் ஒப்பித்தாள். புதன்கிழமை நடந்த தேர்வில் அவள் எழுதியவற்றைக் கீழே தருகிறேன். தமிழ் விசைப்பலகையில் எழுதுவதால் எக்ஸ், ஒய் என்பவற்றுக்குப் பதிலாக க, ச என்ற எழுத்துகளைப் பயன்படுத்துகிறேன். ^ என்ற குறிக்குப் பின் வருவது தலைமேல் எழுத வேண்டிய அடுக்கு.

2³ × 2⁴ = 4⁷
(2க)³ = 2க³
3⁻² = −9
√(க² + 16) = க + 4
16^(1/2) = 8

கவனக்குறைவால் வந்த தவறுகள் என்று இவற்றை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றையும் முழு நம்பிக்கையோடு எழுதியிருக்கிறாள். "நீங்கள் கூட்டச் சொன்னீர்களே, கூட்டித்தானே இருக்கிறேன்" என்று அவள் கேட்டபோது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2³ என்பதில் மேலே உள்ள 3-ஐ அடுக்கு என்றும் கீழே உள்ள 2-ஐ அடிமானம் என்றும் நான் சொல்கிறேன். அவள் இண்டெக்ஸ், பேஸ் என்கிறாள். அவளோடு சேர்ந்து படிக்க வரும் பக்கத்து வீட்டுப் பெண் மராத்தி வழி மாணவி, அவள் காதாங்க், பாயா என்கிறாள். மூவரும் ஒரே பொருளைத்தான் சொல்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ளவே பாதி நேரம் போய்விடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மாதுங்கா ஆசிரியை (ஓய்வு)
திங்கள், காலை 7.05

வணக்கம் தம்பி. முப்பது வருடத்துக்கு மேல் இதே பாடத்தை நடத்தியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் மகள் எழுதிய ஐந்து விடைகளுக்கும் காரணம் ஒன்றுதான். அடுக்கு என்பது ஒரு செயலின் சுருக்கெழுத்து என்பது அவள் மனத்தில் பதிவதற்கு முன்பே விதிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. 2³ என்பதை அவள் மூன்று இரண்டுகளின் பெருக்கமாகப் பார்க்கவில்லை, தலையில் சின்னதாக 3 ஒட்டிய ஒரு 2 ஆகப் பார்க்கிறாள். அப்படிப் பார்க்கிற குழந்தைக்குக் கீழே உள்ள இரண்டு 2-களையும் சேர்த்து 4 ஆக்குவதும், மேலே உள்ள 3-ஐயும் 4-ஐயும் சேர்த்து 7 ஆக்குவதும் இயல்பாகத்தான் தோன்றும்.

ஆகவே ஒரு வாரத்துக்கு விதிகளைப் பற்றிய பேச்சே வீட்டில் வேண்டாம். எந்த அடுக்கு வந்தாலும் விரித்து எழுதச் சொல்லுங்கள். 2³ × 2⁴ என்றால் (2×2×2) × (2×2×2×2) என்று எழுதி, எத்தனை இரண்டுகள் இருக்கின்றன என்று விரல் வைத்து எண்ணட்டும். ஏழு இருக்கும். பிறகு 8 × 16 = 128 என்று சரிபார்த்துவிட்டு, 4⁷ எவ்வளவு என்றும் பெருக்கிப் பார்க்கட்டும்; அது 16,384. 128 எங்கே, 16,384 எங்கே என்று அவளே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அதன்பின் நீங்கள் திருத்த வேண்டியிருக்காது. (2க)³ என்பதையும் 2க × 2க × 2க என்று எழுதினால் அங்கே மூன்று க-க்கள் மட்டுமல்ல, மூன்று 2-களும் நிற்பது தெரியும், விடை 8க³.

எண்ணின் தலைமேல் சின்ன எண்ணை எழுதும் இன்றைய வழக்கத்தைப் பரவச் செய்தது 1637-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் டேக்கார்ட் வெளியிட்ட வடிவியல் நூல். அவரே வர்க்கத்துக்குப் பெரும்பாலும் சின்ன 2 போடாமல் அந்த எழுத்தையே இரண்டு முறை அடுத்தடுத்து எழுதிவந்தார். விரித்து எழுதுவது மதிப்புக் குறைவான வேலை என்று உங்கள் மகள் நினைத்தால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, பூஜ்ஜிய அடுக்கும் குறை (மைனஸ்) அடுக்கும். இவற்றுக்கு நான் வகுப்பில் எப்போதும் பயன்படுத்தியது பழைய செய்தித்தாளின் ஒரு தாளைத்தான். அதை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு, இரண்டாம் முறை மடித்தால் நான்கு, மூன்றாம் முறை எட்டு. தமிழில் 'அடுக்கு' என்ற சொல்லே கையில் வந்து நிற்கும் இடம் இது. மடிப்பின் எண்ணிக்கையே 2-இன் தலைமேல் எழுதும் எண் என்பதை அவள் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) எழுதிக்கொண்டு வரட்டும். ஆறாவது மடிப்பில் 64 வரும். ஏழாவது மடிப்புக்குத் தாள் கையில் அடங்காது. இப்போது தாளை முழுவதும் பிரித்து மேசைமேல் விரித்துவிட்டு, "மடிப்பே இல்லை, எத்தனை தாள்?" என்று கேளுங்கள். ஒன்று. 2⁰ ஏன் 1 என்பதற்கு இதைவிட நேரான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஐந்து முறை மடித்த தாளில் மூன்று மடிப்பைப் பிரித்தால் 32 அடுக்கு 4 ஆகிறது; 2⁵ ÷ 2³ = 2² என்ற வகுத்தல் விதி அங்கேயே கிடைத்துவிடும். மூன்று மூன்று மடிப்பாக இரண்டு தடவை மடித்தால் ஆறு மடிப்பு; (2³)² = 2⁶.

அதே தாளில் இன்னொரு பத்தியும் உண்டு. மடித்த தாள் மேசையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மடிப்பில் பாதி, இரண்டில் கால், மூன்றில் அரைக்கால். இதுதான் 2⁻¹, 2⁻², 2⁻³. தாள் எங்கும் 'மைனஸ்' ஆகவில்லை, சிறிதாகத்தான் ஆகிறது. குறை அடுக்கு வந்தால் விடையும் குறை எண்ணாகிவிடும் என்ற பிழை இதைப் பார்த்த குழந்தைகளிடம் மறுபடி வந்து நான் கண்டதில்லை. எத்தனை முறை மடித்தாலும் அடுக்கின் எண்ணிக்கையையும் அடைக்கும் இடத்தையும் பெருக்கினால் 1 தான் வரும், ஏனென்றால் அது அதே தாள்; 2³ × 2⁻³ = 2⁰. இதை அவளே கண்டுபிடிக்கும்வரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 3⁻² என்பது 1/9 என்பதும் இதே வழிதான், தாளை மூன்றாக மடிக்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

மூலங்களைப் பற்றி மாலையில் எழுதுகிறேன்.


செம்பூர் வாசகி
திங்கள், பிற்பகல் 2.40

மூலங்களைப் பற்றி ஆசிரியை அம்மா எழுதுவதற்கு முன் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு. அவனும் போன வருடம் √(9 + 16) = 3 + 4 = 7 என்றுதான் எழுதிக்கொண்டிருந்தான். நான் எத்தனை முறை தவறு என்று சொன்னாலும் தலையாட்டிவிட்டு, எண்ணுக்குப் பதில் எழுத்து வந்ததும் மறுபடி அதையே எழுதுவான்.

ஒருநாள் கட்டம் போட்ட நோட்டை எடுத்து, மூன்றுக்கு மூன்று கட்டம் ஒரு சதுரமும் நான்குக்கு நான்கு கட்டம் ஒரு சதுரமும் வரைந்து இரண்டு நிறத்தில் தீட்டச் சொன்னேன். ஒன்றில் 9 கட்டம், மற்றதில் 16. "இந்த 25 கட்டத்தையும் வெட்டி ஒரே சதுரமாக அடுக்கினால் ஒரு பக்கம் எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். ஐந்து என்றான். பிறகு ஏழுக்கு ஏழு சதுரத்தை வரைந்து, அதன் ஒரு மூலையில் அந்த 9-ஐயும் எதிர்மூலையில் அந்த 16-ஐயும் வைக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் வெள்ளையாக இடம் மீந்தது. அவன் எண்ணினான். மூன்றுக்கு நான்கு செவ்வகம் ஒன்று, நான்குக்கு மூன்று செவ்வகம் ஒன்று, மொத்தம் 24 கட்டம். 49-க்கும் 25-க்கும் உள்ள இடைவெளி அந்த இரண்டு வெள்ளைச் செவ்வகங்கள்தான். (க + ச)² என்பதை விரிக்கும்போது வருகிற 2கச என்ற உறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றைக்கும் சந்தேகம் வந்தால், "அந்த வெள்ளை இடம் எங்கே போயிற்று?" என்று மட்டும் கேட்பேன்; அவனே திருத்திக்கொள்வான்.

எங்கள் கட்டடத்தில் பழுது பார்க்க வந்த கொத்தனார் ஒருவர், சுவர் மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் மூன்று அடியும் மறுபக்கம் நான்கு அடியும் அளந்து குறித்துவிட்டு, குறுக்கே ஐந்து அடி வருகிறதா என்று நாடாவைப் பிடித்துப் பார்த்தார். மகனை அழைத்துக் காட்டினேன். குறுக்கே ஏழு அடி வரவேண்டுமானால் அங்கே மூலையே இருக்காது, இரண்டு பக்கமும் ஒரே கோட்டில்தான் கிடக்கும் என்று அவனே சொன்னான்.


முலுண்ட் பொறியாளர்
திங்கள், மாலை 6.30

நல்ல விவாதம். இரண்டு விஷயங்களில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

ஒன்று, எல்லாவற்றையும் விரித்து எழுதிக்கொண்டிருந்தால் தேர்வு நேரத்தில் குழந்தை என்ன செய்யும்? க¹² ÷ க⁷ என்ற கணக்கைப் பத்து நொடியில் முடிக்க வேண்டும். விதிகளை மனப்பாடம் செய்யாமல் அந்த வேகம் வராது.

இரண்டு, மூலத்தைப் பற்றியது. என் மகள் ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் √25 = ±5 என்று எழுதினாள், அது தவறு என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். (−5) × (−5) = 25 என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? அப்படியிருக்க இரண்டு விடையும் சொன்ன குழந்தைக்கு ஏன் மதிப்பெண் குறைய வேண்டும்? அவள் கேட்டதற்கு வகுப்பில் "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்ற பதில்தான் கிடைத்தது. அன்றிலிருந்து அவளுக்குக் கணக்கின் மேல் ஒரு கசப்பு இருக்கிறது, அதுதான் எனக்கு வருத்தம்.


மாதுங்கா ஆசிரியை (ஓய்வு)
திங்கள், இரவு 9.15

முலுண்ட் நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் குழந்தையின் கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்குப் பதில் கிடைக்காமல் போயிருக்கக் கூடாது.

25-க்கு வர்க்கமூலங்கள் எத்தனை என்று கேட்டால் இரண்டு என்பதுதான் சரியான விடை. இரண்டாம் பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய பீஜகணிதத்திலேயே, மிகை எண்ணின் மூலம் மிகையாகவும் இருக்கும், குறையாகவும் இருக்கும் என்றும், குறை எண் எதற்கும் வர்க்கமாகாததால் அதற்கு மூலம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே க² = 25 என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால் 5, −5 இரண்டையும் எழுதியே ஆகவேண்டும். ஆனால் √ என்ற குறி வேறு. ஒரு குறியீடு ஒரே நேரத்தில் இரண்டு எண்ணைக் குறித்தால் அதை வைத்துக் கூட்டவோ ஒப்பிடவோ முடியாது. √25 + √9 என்பது 8-ஆ, 2-ஆ, −2-ஆ, −8-ஆ என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். அதனால் அந்தக் குறி குறை எண் அல்லாத மூலத்தை மட்டுமே குறிக்கும் என்று கணக்கு உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் வரும் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைப் பாருங்கள், மூலக்குறிக்கு முன்னால் ± என்று தனியாக எழுதுகிறோம். மூலக்குறிக்குள்ளேயே இரண்டு குறிகளும் அடங்கியிருந்தால் அதைத் தனியாக எழுத வேண்டிய தேவை ஏது? உங்கள் மகள் எண்ணைப் பற்றிச் சரியாக யோசித்தாள், குறியைப் பற்றிய உடன்பாடு மட்டும்தான் அவளுக்குச் சொல்லப்படவில்லை என்று அவளிடம் அவசியம் சொல்லுங்கள்.

இதன் தொடர்ச்சியாக ஒன்று. √(க²) = க என்று எழுதுவது எப்போதும் சரியாகாது. க-வின் மதிப்பு −3 ஆனால் க² = 9, √9 = 3, அதாவது −க. விடை க-வின் மட்டு மதிப்பு, அதாவது மைனஸ் குறியை நீக்கிய மதிப்பு. எட்டாம் வகுப்பில் இது கேட்கப்படாது, ஆனாலும் குழந்தை கேட்டால் ஒரு குறை எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

வேகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான். விரித்து எழுதுவது கற்கும் வாரத்துக்கு மட்டும். குழந்தை தானே எண்ணிக் கண்டுபிடித்த விதியைத் தன் வார்த்தையில் தன் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு, தாராளமாக விதியால் செய்யட்டும். மனப்பாடம் வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. 30 வரை வர்க்கங்கள், 12 வரை கனங்கள், 1024 வரை இரண்டின் அடுக்குகள் ஆகியவை யோசிக்காமல் நாக்கில் வரவேண்டும். 343 என்று பார்த்ததும் ஏழின் கனம் என்று தெரியாத குழந்தை, விதி எல்லாம் தெரிந்திருந்தும் கணக்கைத் தொடங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

இனி மூலம். செம்பூர் அம்மா காட்டிய வெள்ளைச் செவ்வகங்களுக்கு மேல் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மூலம் என்ற சொல்லுக்கு வேர் என்றும் பொருள், பிறப்பிடம் என்றும் பொருள். 25 என்ற சதுரம் எந்தப் பக்கத்திலிருந்து பிறந்தது என்று கேட்பதுதான் வர்க்கமூலம். 16^(1/2) = 8 என்று எழுதிய மகளிடம், "உன் விடையை அதனுடனேயே பெருக்கினால் 16 வருகிறதா?" என்று கேளுங்கள். 16^(1/2) × 16^(1/2) என்றால் அடுக்குகளைக் கூட்ட 16¹ வரவேண்டும். தன்னோடு பெருக்கினால் 16 தரும் எண் 4. அரை அடுக்கு என்பது பாதி எண் அல்ல, பாதி வழி. 8^(2/3) என்றாலும் கனமூலம் எடுத்து வர்க்கப்படுத்த வேண்டியதுதான். 2, பிறகு 4.

பெருக்கலில் மூலத்தைப் பிரிக்கலாம்: √(4 × 9) = 2 × 3. கூட்டலில் கூடாது. மூலக்குறியின் தலைமேல் நீளும் கோட்டைக் குழந்தைகள் அலங்காரமாக நினைக்கிறார்கள். அது அடைப்புக்குறியின் வேலையைச் செய்கிறது. உள்ளே இருப்பதை முழுவதும் முடித்த பிறகே மூலம் எடுக்க வேண்டும் என்று சொல்கிறது.

செம்பூர் அம்மாவின் படம் இன்னொரு இடத்திலும் உதவும். வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காணும்போது, கிடைத்த எண்ணை ஏன் இரட்டிக்கிறோம் என்று பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. 1369-ஐ 13, 69 என்று சோடியாகப் பிரிக்கிறோம். 3-இன் வர்க்கம் 9 போக மீதி 4. 69-ஐ இறக்கினால் 469. 3-ஐ இரட்டித்து 6, பக்கத்தில் 7 வைத்து 67 × 7 = 469. மூலம் 37. முப்பதுக்கு முப்பது சதுரம் 900, அதன் இரண்டு பக்கமும் 30-க்கு 7 செவ்வகம் ஒவ்வொன்று, மூலையில் 7-க்கு 7 சதுரம். 900 + 420 + 49. அந்த இரண்டு செவ்வகங்களுக்காகத்தான் இரட்டிக்கிறோம். ஆரியபட்டர் 499-இல் ஒரே சுலோகத்தில் சொல்லிவிட்டுப் போன முறையும், மூலத்தின் இருமடங்கால் வகுக்கச் சொல்வதுதான்.


முலுண்ட் பொறியாளர்
திங்கள், இரவு 10.50

மிக்க நன்றி அம்மா. உங்கள் பதிலை மகளிடம் படித்துக் காட்டினேன். √25 + √9 உதாரணத்தை அவள் தானே ஒரு தாளில் எழுதி நான்கு விடைகளையும் போட்டுப் பார்த்தாள். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

என் பங்குக்கு ஒன்று. −3² என்பதற்கும் (−3)² என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். அடுக்கு தனக்கு ஒட்டி நிற்கும் 3-ஐ மட்டுமே வர்க்கப்படுத்தும், ஆகவே முதலாவது −9, இரண்டாவது 9. கணக்குப் புத்தகத்தின் வழக்கம் இதுவானாலும், எக்செல் விரிதாளில் =-3^2 என்று இட்டால் 9 என்றுதான் வரும், ஏனென்றால் அது மைனஸ் குறியை முதலில் எடுத்துக்கொள்கிறது. கணினியில் சரிபார்க்கும் பெற்றோர் இதனால் குழம்ப வேண்டாம், அடைப்புக்குறி போட்டு எழுதினால் எங்கும் ஒரே விடைதான்.


தாராவி மாலை வகுப்பு
செவ்வாய், இரவு 8.10

டோம்பிவிலி அண்ணன் கேட்ட சொல் சிக்கலைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எங்கள் மாலை வகுப்பில் இது அன்றாடப் பிரச்சினை. மாநகராட்சித் தமிழ் வழிப் பள்ளியில் படித்துவிட்டு மேல் வகுப்புக்கு ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகள் எங்களிடம் நிறைய. கணக்கு தெரியும், கேள்வி புரியாது. அதனால் சுவரில் ஒரு பெரிய அட்டை ஒட்டியிருக்கிறோம். அடிமானம், பேஸ், பாயா என்று ஒரு வரி. அடுக்கு, இண்டெக்ஸ், காதாங்க் என்று ஒரு வரி. சிபிஎஸ்இ பிள்ளைகள் எக்ஸ்போனன்ட் என்பதையும் அதிலேயே சேர்த்துக்கொண்டார்கள். வர்க்கமூலம், ஸ்கொயர் ரூட், வர்கமூள். கனமூலம், கியூப் ரூட், கனமூள். கடைசி வரியில், √2 போலப் பின்னமாக எழுத முடியாத மூலத்துக்கு முறுடு, சர்ட், கரணி. பாடம் நடக்கும்போது பிள்ளை எந்தச் சொல்லில் சொன்னாலும் ஏற்றுக்கொள்வோம், மற்ற இரண்டு சொல்லையும் அதே பிள்ளையே திருப்பிச் சொல்லவேண்டும் என்பது மட்டும் விதி. ஒரு மாதத்தில் அட்டையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். உங்கள் மகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்தே இந்த அட்டையைத் தயாரிக்கட்டும் அண்ணா, அதிலேயே பாதி பாடம் முடிந்துவிடும்.

மராத்தியில் சொல்லும் கரணி மிகப் பழைய சொல். யாகமேடை அளக்கும் சுல்ப சூத்திரங்களில், ஒரு சதுரத்தைப் போல இருமடங்கு பரப்புள்ள சதுரத்தின் பக்கத்தை த்விகரணி என்றார்கள், அதாவது இன்றைய √2. அந்தச் சூத்திரங்களில் ஒன்றை இயற்றிய போதாயனர் அதற்கு ஒரு கணக்கும் சொல்கிறார்: ஒன்றோடு அதன் மூன்றில் ஒரு பங்கைச் சேர், அந்தப் பங்கின் நான்கில் ஒன்றைச் சேர், அதிலிருந்து அதன் முப்பத்துநான்கில் ஒன்றைக் கழி. கூட்டினால் 577/408 வரும். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கையால் சரிபார்க்கச் சொன்னோம். 577-இன் வர்க்கம் 3,32,929. 408-இன் வர்க்கத்தின் இருமடங்கு 3,32,928. வித்தியாசம் ஒன்றே ஒன்று! கால்குலேட்டரில் 1.4142 என்று பார்த்தபோது வராத ஆச்சரியம் அந்த ஒன்றைப் பார்த்தபோது வந்தது. இந்தப் பின்னம் இல்லாவிட்டால் வேறு ஏதாவது பின்னம் சரியாகப் பொருந்திவிடாதா என்று ஒரு பையன் மூன்று நாள் தேடிக்கொண்டிருந்தான். எந்தப் பின்னமும் பொருந்தாது என்பதற்கான நிரூபணத்தை அவனுக்கு அதற்குப் பிறகுதான் காட்டினோம். தேடிக் களைத்த பிறகு காட்டியதால் ஒரு வரி விடாமல் கேட்டான்.


டோம்பிவிலித் தந்தை
ஞாயிறு, இரவு 9.50

ஒரு வாரம் நீங்கள் சொன்னபடியே செய்தேன். விதி ஒன்றுகூடப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு செய்தித்தாளை மடித்தோம், ஏழாவது மடிப்பில் நான் முழங்காலை வைத்து அழுத்தியும் தாள் சரியாகப் படியவில்லை. புதன்கிழமை அவளே இரண்டு பத்தி போட்டு 2, 4, 8 என்று ஒருபக்கமும் 1/2, 1/4, 1/8 என்று மறுபக்கமும் எழுதிக்கொண்டு வந்து, "அப்பா, எதிரெதிரே பெருக்கினால் எல்லாம் ஒன்றுதான் வருகிறது" என்றாள். நான் அதைச் சொல்லாமல் இருந்ததற்கு ஆசிரியை அம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. "இரண்டின் தலைமேல் ஒன்று என்றால் ஒரு மடிப்பு. இரண்டின் தலைமேல் அரை என்றால் அரை மடிப்பா? தாளை அரை மடிப்பு எப்படி மடிப்பது?"


மாதுங்கா ஆசிரியை (ஓய்வு)
ஞாயிறு, இரவு 10.30

இந்தக் கேள்வியைக் கேட்ட குழந்தைக்கு என் ஆசிகள்.

அடுக்குகளை எண்ணினால் ஒன்றரை அடுக்குத் தாள் என்று ஒன்று கிடையாது, அது உண்மைதான். ஆனால் 2^(1/2) என்பது, இரண்டு முறை பெருக்கினால் இருமடங்கைத் தரவேண்டிய எண். அதைப் பார்க்க அவளை ஜெராக்ஸ் கடைக்கு அழைத்துப் போங்கள். ஏ4 தாளில் உள்ளதை ஏ3 தாளுக்குப் பெரிதாக்கச் சொன்னால் இயந்திரத்தில் 141 சதவீதம் என்று வைப்பார்கள். தாளின் பரப்பு சரியாக இருமடங்கு ஆகிறது, ஆனால் ஒவ்வொரு பக்கமும் 1.41 மடங்குதான் நீள்கிறது. அதே பெரிதாக்கலை இன்னொரு முறை செய்தால் பக்கம் இருமடங்காகும். அவள் தேடும் அரைப்படி அதுதான், √2. ஏ4 தாள் ஒன்றை எடுத்து அளக்கட்டும். 210 மில்லிமீட்டருக்கு 297 மில்லிமீட்டர். நீளத்தை அகலத்தால் வகுக்கட்டும். பிறகு தாளைப் பாதியாக மடித்து, அந்தப் பாதித் தாளையும் அளந்து வகுக்கட்டும்.

இன்னொன்றும் கேளுங்கள். ஏ4 என்பதில் அந்த 4 என்ன என்று கேளுங்கள். பதிலை நான் இங்கே எழுதவில்லை; ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்பதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.


டோம்பிவிலித் தந்தை
செவ்வாய், இரவு 10.40

இன்று அலுவலகத்திலிருந்து திரும்பும்போதே அவளை ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் பொத்தானை அழுத்தியதும் திரையில் 141 என்று வந்தது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். வீட்டுக்கு வந்து அளந்தாள். 297-ஐ 210-ஆல் வகுத்தால் 1.414. மடித்தபின் 210-ஐ 148.5-ஆல் வகுத்தால் மறுபடியும் 1.414.

ஏ4-இன் நான்குக்குப் பதில் கிடைக்க அரை மணி நேரம் ஆனது. நான் வாய் திறக்கவில்லை. ஏ0-வை ஒருமுறை மடித்தால் ஏ1, இன்னொரு முறை ஏ2 என்று விரல்விட்டு எண்ணிவிட்டு, "நாலு மடிப்பு அப்பா, இரண்டின் தலைமேல் மைனஸ் நாலு" என்றாள். ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு என்றால் 625 சதுர சென்டிமீட்டர். ஸ்கேலால் அளந்து 21 × 29.7 பெருக்கினாள், 623.7 வந்தது, மீதி 1.3 எங்கே போயிற்று என்று கேட்டாள், அளவுகளை முழு மில்லிமீட்டராக்கியதில் போயிருக்கும் என்று சொன்னேன். தாள் கட்டின் மேல் 80 ஜிஎஸ்எம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் என்றேன். பதினாறால் வகுத்தாள். இப்போது சமையலறைத் தராசில் ஒற்றைத் தாளை மடித்து வைத்து ஐந்து கிராம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.